டாட் ரண்ட்கிரன்: ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தவரின் சொந்தப் பிள்ளை வளர்ந்ததா?

கிழக்குத்திண்ணை எழுதியது:

ரொம்ப நாளாக மனத்தில் கிடக்கும் ஒரு வருத்தத்தை இங்கே கொட்டிவிடுகிறேன். அமெரிக்க ராக் பாடகரும் தயாரிப்பாளருமான டாட் ரண்ட்கிரனைப் பற்றித்தான்.

1972 பிப்ரவரியில் அவருடைய 'சம்திங்/எனிதிங்?' இரட்டை ஆல்பம் வந்தது. அப்போது அவருக்கு 23 வயது. இசைத்தட்டுகளின் நான்கு பக்கங்களில் மூன்றில் வேறு யாருமே கிடையாது. ட்ரம்ஸ், பேஸ், கிதார், பியானோ, பின்னணிக் குரல்கள் என்று எல்லாம் அவரே. எழுதியவர், பாடியவர், தயாரித்தவரும் அவரே. அதிலிருந்து 'ஐ சா த லைட்' அமெரிக்கப் பட்டியலில் 16ஆம் இடம் வரை போனது. 'ஹலோ இட்ஸ் மீ' 1973 கடைசியில் 5ஆம் இடத்தைத் தொட்டது. மெட்டு போடுவதில் அந்த வயதில் அவருக்கு நிகராக அமெரிக்காவில் மூன்று நான்கு பேர்தான் இருந்திருப்பார்கள். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அந்த முதல் பக்கத்தை ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் என்ன செய்தார்? 1973இல் 'எ விசார்ட், எ ட்ரூ ஸ்டார்'. ஒன்றரை நிமிடத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும் ஆல்பம். அதிலிருந்து ஒரு ஹிட்கூட வரவில்லை. 1975இல் 'இனிஷியேஷன்'. அதன் இரண்டாம் பக்கம் முழுவதும் 35 நிமிடத்துக்கு மேல் போகும் ஒரே வாத்திய இசை. நடுவில் யுடோபியா என்ற குழுவை வைத்துக்கொண்டு நீண்ட நீண்ட பாடல்கள்.

இதே ஆண்டுகளில் தயாரிப்பாளராக அடுத்தவர்களுக்கு என்ன செய்து கொடுத்தார் தெரியுமா? கிராண்ட் ஃபங்க் குழுவின் 'வீ ஆர் ஆன் அமெரிக்கன் பேண்ட்' 1973இல் முதலிடம். பாடகர் மீட் லோஃபின் 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' ஆல்பம் 1977இல் வந்து, அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 40 லட்சம் பிரதிகளுக்குச் சான்று வாங்கியது. எது ஓடும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இவர் விஷயத்தில் அது நடக்கவில்லை என்பது என் கட்சி. தன் பாடல்களுக்கு மட்டும் அவர் அந்த உழைப்பைக் கொடுக்க மறுத்துவிட்டார். மறுப்பவர்கள் வாருங்கள்.

பதினாறு_ட்ராக் எழுதியது:

மறுக்கிறேன், அண்ணா.

அவரை முதலில் பாடகர் என்று எடுத்துக்கொள்வதால் உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது. நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவன். எனக்கு அவர் முதலில் கூடத்துக்காரர். முதலில் இருந்த நாஸ் என்ற ராக் குழுவிலிருந்து விலகியதும் அவர் போய்ச் சேர்ந்தது ஆல்பர்ட் கிராஸ்மனிடம். பாப் டிலனின் மேலாளராக இருந்த அதே கிராஸ்மன்தான். வுட்ஸ்டாக் பக்கத்தில் பேர்ஸ்வில் என்ற இடத்தில் கிராஸ்மன் ஒலிப்பதிவுக் கூடமும் இசைத்தட்டுக் கம்பெனியும் நடத்தினார். அங்கே ரண்ட்கிரனுக்குக் கிடைத்தது பொறியாளர் வேலை. 1970இல் த பேண்ட் குழுவின் 'ஸ்டேஜ் ஃப்ரைட்' ஆல்பத்தைப் பதிவு செய்த பொறியாளர் அவர்தான். வயது 21. அந்தக் குழுவில் இருந்தவர்கள் எல்லாம் அவரைவிட மூத்தவர்கள், பெரிய பெயர் வாங்கியவர்கள்.

ஆக, இன்னொருவர் இசைக்கு வெளிச்சம் போடுவது அவர் பிழைப்பு. அந்தக் காசில்தான் தன் சொந்த ஆல்பங்களை யாருக்கும் பதில் சொல்லாமல் செய்தார். 'விசார்ட்' உருவானது மன்ஹாட்டனில் அவரும் கீபோர்டு கலைஞர் மூகி க்ளிங்மனும் சேர்ந்து கட்டிய சீக்ரெட் சவுண்ட் கூடத்தில். சொந்தக் கூடம் இருந்தால் மணிக்கணக்கு வாடகை ஓடாது. இன்றைக்கு இதை முடித்தே ஆகவேண்டும் என்று யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். அந்த ஆல்பத்தில் கேட்பது அந்தச் சுதந்திரத்தின் சத்தம். உழைப்பைக் கொடுக்கவில்லை என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

நெய்தல் எழுதியது:

வணக்கம், நான் இங்கே புதியவள். ஒரு அடிப்படைக் கேள்வி. தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர்தானே? பணம் போட்டவருக்கு எப்படி இசையில் இவ்வளவு பங்கு? திரும்பத் திரும்ப அந்தச் சொல் வருகிறது, எனக்குப் பிடிபடவில்லை.

பதினாறு_ட்ராக் எழுதியது:

நல்ல கேள்வி, நெய்தல். நம் ஊர் சினிமா வழக்கால் வரும் குழப்பம் இது. சினிமாவில் தயாரிப்பாளர் முதல் போடுபவர். ராக் ஆல்பத்தில் அந்த வேலையைக் கம்பெனி செய்கிறது. ஆல்பத்தின் தயாரிப்பாளர் கிட்டத்தட்ட நம் சினிமா இயக்குநர் மாதிரி. எந்தப் பாட்டு இருக்க வேண்டும், எந்த வேகத்தில் போக வேண்டும், மூன்றாவது சரணம் தேவையா, இந்த டேக் போதுமா, இன்னொரு தடவை பாட வேண்டுமா, எல்லாம் அவர் முடிவு. குழுவுக்குள் சண்டை வந்தால் விலக்கிவிடுவதும் அவர் தலையில்தான் விழும்.

ரண்ட்கிரன் இதில் இன்னும் ஒரு படி மேலே. பல ஆல்பங்களில் அவரே பொறியாளராகவும் உட்காருவார், தேவைப்பட்டால் கிதாரும் எடுப்பார், பின்னணியும் பாடுவார். 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' பாட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு வரும் கேட்டிருக்கிறீர்களா? அது வண்டி இல்லை. ரண்ட்கிரனின் கிதார்.

குடைக்காரன் எழுதியது:

இங்கே எல்லோரும் அவரைக் கொண்டாடுவதால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நான் எக்ஸ்டிசி பைத்தியம். இங்கிலாந்தின் ஸ்விண்டன் ஊர்க் குழு. 1986இல் அவர்கள் வுட்ஸ்டாக் வந்து 'ஸ்கைலார்க்கிங்' ஆல்பத்தை ரண்ட்கிரனிடம் செய்தார்கள். அமெரிக்காவில் விற்க வேண்டும் என்றால் அமெரிக்கத் தயாரிப்பாளர் வேண்டும் என்று கம்பெனி அழுத்தம் கொடுத்ததால் வந்தவர்கள்.

குழு அனுப்பிய மாதிரிப் பதிவுகளைக் கேட்டுவிட்டு, அவர்கள் விமானம் ஏறும் முன்பே எந்தப் பாடல்கள், எந்த வரிசை என்று ரண்ட்கிரன் முடிவு செய்து வைத்திருந்தார். கோடைக் காலை தொடங்கி இரவு வரை, பிறப்பு தொடங்கி இறப்பு வரை போகும் ஒரு வட்டம். ஆண்டி பார்ட்ரிட்ஜ் அதுவரை அந்தக் குழுவில் வைத்ததே சட்டம் என்று இருந்தவர். அவருக்கு எப்படி இருந்திருக்கும்? தன் பாடல்களை இன்னொருவர் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கிவைத்தால் எந்தப் பாடலாசிரியருக்கும் வலிக்கும். பதிவு நடந்த நாட்கள் முழுக்கச் சண்டை. பாஸிஸ்ட் காலின் மோல்டிங் பாதியில் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். பார்ட்ரிட்ஜ் அதன் பிறகு பல ஆண்டுகள் அந்த அனுபவத்தைப் பற்றிக் கசப்பாகவே பேசினார்.

அதோடு முடியவில்லை. ஆல்பத்தின் சத்தம் மெலிந்து போயிருக்கிறது என்று அவர் புலம்பிக்கொண்டே இருந்தார். 2010இல் மாஸ்டரிங் பொறியாளர் ஜான் டென்ட் பரிசோதித்தபோது, மொத்தப் பதிவுமே போலாரிட்டி தலைகீழாக இருந்தது தெரிந்தது. 24 வருடம் உலகமே தவறான பதிவைக் கேட்டிருக்கிறது! கூடத்து மன்னர் என்கிறீர்களே, பதினாறு_ட்ராக், இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதினாறு_ட்ராக் எழுதியது:

அது நடந்தது உண்மை. மறைக்க மாட்டேன். அது எப்படி யார் காதிலும் படாமல் போகும் என்பதை மட்டும் விளக்குகிறேன்.

ஒலி என்பது காற்றை முன்னே தள்ளுவதும் பின்னே இழுப்பதும். ஸ்பீக்கரின் கூம்பு வெளியே வரவேண்டிய நேரத்தில் உள்ளே போனால் அது தலைகீழ் போலாரிட்டி. வயரில் இரண்டு முனைகள் இடம் மாறினால் போதும். நான் வேலை பார்த்த கூடத்தில் ஒரு தடவை ட்ரம்ஸ் மைக் கேபிள் ஒன்றில் முனைகளை மாற்றிப் பற்றவைத்துவிட்டார்கள். மற்ற மைக்குகளோடு சேர்த்துக் கேட்டதும் கிக் ட்ரம் இருந்த இடமே தெரியவில்லை, ஒன்று மற்றொன்றை அடித்துவிட்டது. பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தோம். ஏனென்றால் ஒன்றுதான் மாறியிருந்தது. எல்லாமே ஒன்றாகத் தலைகீழானால் எதுவும் எதையும் அடிக்காது. பாட்டு பாட்டாகவே இருக்கும். அடித்தள ஒலியில் அந்தக் குத்து மட்டும் கொஞ்சம் குறையும். நேராக இருக்கும் பதிவை அருகில் வைத்துக் கேட்டால்தான் வித்தியாசம் புரியும். நேரான பதிவு கையில் இல்லாதபோது யார் ஒப்பிடுவார்கள்?

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், குடைக்காரன். அந்த ஆல்பத்தில் மோல்டிங்கின் பாடல்கள் ஐந்து. வேறு எந்த எக்ஸ்டிசி ஆல்பத்தில் பார்ட்ரிட்ஜுக்குப் பக்கத்தில் அவருக்கு அந்த இடம் கிடைத்தது என்று நினைத்துப் பாருங்கள். தேர்வு செய்தது ரண்ட்கிரன். வெளியிலிருந்து வந்த ஒருவர் கண்ணுக்குத்தான் அது தெரிந்தது. நீங்கள் அந்தக் குழுவின் எந்த ஆல்பத்தை அதிகம் கேட்கிறீர்கள்?

குடைக்காரன் எழுதியது:

'ஸ்கைலார்க்கிங்'தான். ஒத்துக்கொள்கிறேன். பார்ட்ரிட்ஜும் பின்னாளில் அவர் வேலையைப் பாராட்டியிருக்கிறார். ஆனால் நல்ல முடிவு வந்தது என்பதற்காக நடத்திய விதத்தை மறந்துவிட முடியாது. இரண்டும் தனித்தனிக் கணக்கு.

கிழக்குத்திண்ணை எழுதியது:

இழை எக்ஸ்டிசி பக்கம் போனது எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. குடைக்காரன் சொன்னதையே பாருங்கள். இன்னொருவர் ஆல்பம் என்றால் வரிசை, வட்டம், எதை வெட்டுவது என்று இரக்கமே இல்லாமல் முடிவு எடுக்கிறார். தன் ஆல்பம் என்றால் எதையுமே வெட்டுவதில்லை. 'இனிஷியேஷன்' 67 நிமிடத்துக்கு மேல். ஒரே இசைத்தட்டில்! சாதாரணமாக ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம், மிஞ்சிப்போனால் 25. நேரம் கூடக்கூடப் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தம் குறையும், ஊசி தேய்ந்திருந்தால் தட்டே போய்விடும். இதை உறையிலேயே அச்சடித்து எச்சரித்தார்கள். எக்ஸ்டிசி அப்படி ஒரு பக்கத்தைக் கொண்டுவந்திருந்தால் ரண்ட்கிரன் விட்டிருப்பாரா?

'பேட் அவுட் ஆஃப் ஹெல்' கதையும் எனக்குப் பெரிய வருத்தம். பாடல்களை எழுதிய ஜிம் ஸ்டைன்மனும் மீட் லோஃபும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள், எல்லோரும் கைவிரித்தார்கள். ரண்ட்கிரன் கேட்டார். ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாணியை ஊதிப் பெரிதாக்கிக் கிண்டல் செய்வதாக அதை எடுத்துக்கொண்டார், அதனாலேயே பிடித்துப்போய் ஒத்துக்கொண்டார் என்று அவரே பல முறை சொல்லியிருக்கிறார். தன் யுடோபியா ஆட்களையே வாசிக்க வைத்தார். ஸ்பிரிங்ஸ்டீன் குழுவின் ராய் பிட்டனும் மேக்ஸ் வைன்பெர்க்கும்கூட வந்து வாசித்தார்கள். ஸ்டைன்மன் எழுதிய ஏழு பாட்டில் மூன்று எட்டு நிமிடத்தைத் தாண்டும். அத்தனை நீளத்தையும் சாதாரண ரசிகன் அலுக்காமல் கேட்க வைத்தது யார்? அதே ஆண்டில் யுடோபியாவின் ஆல்பம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

டெலவேர்_நதி எழுதியது:

நான் பென்சில்வேனியாவில் இருபது வருடமாக இருக்கிறேன். ரண்ட்கிரன் வளர்ந்த அப்பர் டார்பி, பிலடெல்ஃபியாவை ஒட்டிய ஊர். அந்தப் பக்கமெல்லாம் நன்றாகப் பழக்கம். அதனால் சிலவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்த நகரத்தின் சோல் இசை அவர் உடம்பில் ஊறியது. 'விசார்ட்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் பழைய சோல் பாடல்களை ஒரே சரமாகக் கோத்துப் பத்து நிமிடம் பாடுகிறார். கிழக்குத்திண்ணை அண்ணா அதை மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஆசை. அந்த ஆல்பத்தில் மெட்டு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொரு ஊற்று பாடகியும் பாடலாசிரியருமான லாரா நைரோ. அவரைக் கேட்ட பிறகுதான் பியானோவில் உட்கார்ந்து எழுதும் முறையே தனக்கு மாறியது என்று ரண்ட்கிரன் சொல்லியிருக்கிறார். 'ஹலோ இட்ஸ் மீ'யை 1968இல் நாஸ் குழுவுக்காக எழுதியபோது மெதுவான, சோகமான பாட்டு. 'சம்திங்/எனிதிங்?' ஆல்பத்துக்காக ஆட்களைக் கூட்டி, கொம்பு வாத்தியங்களும் பின்னணிப் பாடகிகளும் சேர்ந்து ஒரே அறையில் வாசிக்க, அது நிமிர்ந்து நடக்கத் தொடங்கியது. தன் பாட்டையே ஒரு தயாரிப்பாளர் கண்ணால் பார்த்துத் திருத்திய இடம் அது. ஆகவே தன் பிள்ளைக்கு ஊட்டவில்லை என்பது சரியில்லை.

இன்னொன்று. அந்தப் பாட்டு வானொலியில் ஏறியபோது அவர் ஏற்கெனவே 'விசார்ட்' வெளியிட்டுவிட்டார். மனிதர் வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பழைய முகவரிக்குக் கடிதம் வருவது மாதிரி. தொலைக்காட்சியில் 'ஹலோ இட்ஸ் மீ' பாடக் கூப்பிட்டார்கள். முகத்தில் இறகும் வண்ணப்பூச்சுமாக வந்து அந்தக் காதல் பாட்டைப் பாடினார். அந்தக் காட்சியை முதலில் பார்த்தபோது எனக்கும் கோபம் வந்தது. பல வருடம் கழித்துப் பார்த்தபோது, 'இப்போது நான் இதுதான்' என்று உள்ளதைச் சொல்லும் ஒருவரைத்தான் பார்த்தேன். சில வருடத்துக்கு முந்தைய தன்னை நடித்துக்காட்ட அவருக்கு வரவில்லை.

கடைசியாக ஒன்று. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். 'விசார்ட்' உறைக்குள் ஒரு அஞ்சலட்டை வைத்திருந்தார்கள். பெயரை எழுதி அனுப்பினால் அடுத்த ஆல்பத்தில் வரும் என்று. அனுப்பியவர்கள் பெயர்களையெல்லாம் வைத்தே அவர் முகத்தை வரைந்து, 1974இல் 'டாட்' ஆல்பத்தோடு சுவரொட்டியாகக் கொடுத்தார். 90களின் இறுதியில் பேட்ரோநெட் என்று இணையத்தில் தொடங்கினார். ரசிகர்கள் நேராக அவருக்குச் சந்தா கட்டுவார்கள், பாட்டு முடிய முடிய அவர்களுக்கு வரும். 2000த்தில் வந்த 'ஒன் லாங் இயர்' அப்படிச் சேர்ந்த பாட்டுகள்தான். இன்றைக்குக் கலைஞர்கள் எல்லோரும் செய்வதை அவர் அஞ்சலட்டைக் காலத்திலேயே யோசித்திருக்கிறார். கோடிப் பேரைவிட, பெயர் சொல்லி எழுதும் சில ஆயிரம் பேர் அவருக்குப் போதுமாக இருந்தார்கள். அது வளராத பிள்ளையா அண்ணா?

நெய்தல் எழுதியது:

டெலவேர்_நதி அக்கா சொன்ன அந்தச் சோல் சரத்தை இப்போதுதான் கேட்டு முடித்தேன். வேறு எதுவும் எழுத வரவில்லை. நன்றி.

கிழக்குத்திண்ணை எழுதியது:

அஞ்சலட்டை விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் பதிவை வேறு மாதிரி எழுதியிருப்பேன். 'உழைப்பைக் கொடுக்க மறுத்துவிட்டார்' என்பதைத் திரும்பப் பெறுகிறேன், பதினாறு_ட்ராக். 1985இல் குரலை மட்டும் வைத்து, அதையே ஒலியைப் பதிந்து இசைக்கும் எமுலேட்டர் கருவியில் ஏற்றி, ட்ரம்ஸ் முதல் எல்லாவற்றையும் வாயாலேயே செய்த 'எ கப்பெல்லா' ஆல்பத்தை நினைத்தாலே அந்த வரி நிற்காது. 1993இல் 'நோ வேர்ல்ட் ஆர்டர்' ஆல்பத்தைக் கேட்பவரே வேகத்தையும் மனநிலையையும் மாற்றிக்கொள்ளும்படி வட்டில் போட்டதும் சோம்பேறி செய்யும் வேலை இல்லை.

ஆனால் வருத்தம் போகவில்லை. அமெரிக்காவில் இன்றைக்கு அவரைத் தெரியாதவர்களுக்கும் தெரிந்த பாட்டு 'பேங் த ட்ரம் ஆல் டே'. அமெரிக்கக் கால்பந்தில் க்ரீன் பே பேக்கர்ஸ் அணி டச்டவுன் என்ற கோல் போட்டால் மைதானத்தில் ஒலிக்கும், வெள்ளிக்கிழமை மாலை வானொலியில் போடுவார்கள். வேலைக்குப் போகப் பிடிக்காது, நாள் முழுக்க ட்ரம்ஸ் அடிக்க வேண்டும் என்கிற பாட்டு. நல்ல பாட்டுதான். 'சம்திங்/எனிதிங்?' எழுதிய கைக்கு அடையாளமாக அது மட்டும் நிற்பது எனக்கு வலிக்கிறது. 2021இல் ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். தகுதி வந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு. கிளீவ்லாண்டில் விழா நடந்த அன்று அவர் அதே மாநிலத்துச் சின்சினாட்டியில் கச்சேரி செய்துகொண்டிருந்தார். பாடகி பேட்டி ஸ்மித் காணொளியில் அவரைப் பற்றிப் பேசினார். அவருக்கு அது பொருட்டாக இல்லாமல் இருக்கலாம். எனக்குப் பொருட்டாக இருந்தது.

டெலவேர்_நதி எழுதியது:

அந்த வருத்தம் எனக்கும் உண்டு அண்ணா. இருந்தாலும் அன்று சின்சினாட்டியில் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முன்னால் அவர் நின்றார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

பதினாறு_ட்ராக் எழுதியது:

திரும்பப் பெற்றதற்கு நன்றி அண்ணா. நெய்தல் மாதிரிப் புதிதாகக் கேட்பவர்களுக்குத் தயாரிப்பாளர் வேலையைக் காதாலேயே புரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன்.

பேட்ஃபிங்கர் குழுவின் 'ஸ்ட்ரெய்ட் அப்', 1971. ரண்ட்கிரனுக்கு முன்னால் அதைப் பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் ஹாரிசன் தயாரித்துக்கொண்டிருந்தார். ரவிசங்கர் கேட்டதால் வங்கதேச அகதிகளுக்காக மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடத்திய கச்சேரி வேலை வந்துவிட, பாதியில் விட்டுப்போனார். மீதியை ரண்ட்கிரன் கையில் கொடுத்தார்கள். ஹாரிசன் பதிவு செய்த சிலவற்றை வைத்துக்கொண்டு, மற்றதைப் புதிதாகப் பதிவு செய்து, எல்லாவற்றையும் அவரே மிக்ஸ் செய்தார்.

'டே ஆஃப்டர் டே' ஹாரிசன் தயாரித்தது. 'பேபி ப்ளூ' ரண்ட்கிரன் தயாரித்தது. இரண்டும் பீட் ஹாம் எழுதிப் பாடியவை, அதே குழு, அதே ஆண்டு. ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் ஸ்லைடு கிதார் பாடகருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வரும், பியானோ மெல்ல அலையும், எல்லாம் ஒரு பஞ்சுமேல் இருப்பதுபோல் இருக்கும். இரண்டாவதில் அந்த முதல் கிதார் வரி உங்கள் முகத்துக்கு நேரே வந்து நிற்கும், ட்ரம்ஸ் கையெட்டும் தூரத்தில் இருக்கும்.

நான் நேற்று இரவு இரண்டையும் ஆறு தடவை மாற்றி மாற்றிப் போட்டேன். ஆறாவது தடவையில்தான் 'பேபி ப்ளூ'வின் பின்னணிக் குரல்கள் எவ்வளவு பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றன என்று கவனித்தேன். கேட்டுவிட்டு உங்களுக்கு என்ன பட்டது என்று எழுதுங்கள், நெய்தல்.